ஒரு பேனாவும் சாவிக்கொத்தும்: வளர்ச்சிக் குறைபாடு ஆராய்ச்சி நிறுவனங்களால் நமக்கு என்ன லாபம்?



மாற்றுத்திறனாளிகள் அடையாள அட்டை பற்றி நாம் பேச ஆரம்பித்ததிலிருந்து மேல்மலைக் குழுக்களிலிருந்து ஒரு கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. "வளர்ச்சி குறைஞ்ச பிள்ளைகளுக்காகப் பெரிய ஆராய்ச்சி நிறுவனமெல்லாம் இருக்குன்னு சொல்றாங்களே, அங்க என்னதான் ஆராய்ச்சி பண்றாங்க? அதுக்குத் தலைவரா இருக்கிறவங்க டாக்டரா, ஆபீசரா? இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி மலை மேல இருக்கிற நமக்கு அதால என்ன லாபம்?" நியாயமான கேள்விதான். இந்த இதழில் அதற்கு எங்களால் முடிந்தவரை பதில் சொல்கிறோம்.

முதலில் வளர்ச்சிக் குறைபாடு என்றால் என்ன என்று பார்ப்போம். குழந்தை வளர்கிற வயதில் மூளையோ நரம்போ சரியாக வேலை செய்யாததால் நடப்பது, பேசுவது, புரிந்துகொள்வது, பிறரோடு பழகுவது இவற்றில் ஏதாவது ஒன்று பின்தங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, டவுன் சின்ட்ரோம் எல்லாம் இதில் வரும். நம் ஊர்களில் இதற்கு வேறு பேர்கள் உண்டு. "மந்தம்", "சாமி குத்தம்", "அம்மா கிரகணத்துல வெளிய போயிட்டா". கடைசிப் பேச்சில் பழி யார் தலையில் விழுகிறது என்று கவனித்தீர்களா? பெற்றவள் தலையில்தான்.

அதற்கு ஆராய்ச்சி என்ன சொல்கிறது? இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளை நேரில் பரிசோதித்து, டாக்டர் நரேந்திர அரோரா தலைமையில் 'இன்க்ளென்' என்ற அமைப்பு ஓர் ஆய்வு செய்தது. முடிவு 2018இல் வெளிவந்தது. ஐந்து இடங்களில் ஒன்று இமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா. நம்மைப் போலவே மலைப்பகுதி. அந்த ஆய்வின்படி ஏறக்குறைய எட்டுக் குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு, பார்வை, காது கேட்பதில் உள்ள குறைகளையும் சேர்த்து, இப்படி ஏதாவது ஒரு குறைபாடு இருக்கிறது. எந்தெந்தக் குழந்தைகளுக்கு அதிகமாக இருந்தது என்றும் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் பிறந்தவை, பிறந்தவுடன் மூச்சுத்திணறியவை, குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்தவை, பச்சைக் குழந்தையாக இருக்கும்போதே நோய்வாய்ப்பட்டவை, மூளைக் காய்ச்சல் வந்தவை, வயதுக்கேற்ற உயரம் இல்லாதவை. கிரகணம் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டுப் பிரசவமும் எடை குறைவாகப் பிறப்பதும் இருக்கின்றன. அதனால்தான் பிரசவ நாளுக்கு முன்னாடியே கீழே இறங்கி ஆஸ்பத்திரி பக்கமா தங்கிக்கோங்க என்று கிராமச் சுகாதாரச் செவிலியர் நம்மிடம் மல்லுக்கட்டுகிறார்.

சரி, இப்படிப்பட்ட நிறுவனத்துக்குத் தலைமை தாங்குவது என்றால் என்ன வேலை? எந்தக் கேள்விக்கு விடை தேடுவது என்று முடிவெடுப்பதுதான் முதல் வேலை என்று நாங்கள் நினைக்கிறோம். பணம் பிறகுதான். இதற்கு நல்ல உதாரணம் நமக்குப் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் ஒன்று 1987இல் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிப் பல வருடம் இயக்குநராக இருந்தவர் குழந்தை மருத்துவர் எம்.கே.சி. நாயர். அந்தக் காலத்தில் ஒரு குழந்தையின் வளர்ச்சியை அளக்கப் பெரும்பாலும் வெளிநாட்டுக் கருவிகள்தான் இருந்தன. விலை அதிகம். நேரமும் அதிகம். படித்த நிபுணர்தான் செய்ய முடியும். நாயர் குழுவினர் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: அங்கன்வாடி டீச்சர் ஐந்து நிமிஷத்தில், கையில் இருக்கிற சாமானை வைத்தே பார்க்கக்கூடிய ஒரு சோதனை செய்ய முடியுமா?

முடிந்தது. 1991இல் அவர்கள் வெளியிட்ட திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை பிறந்ததிலிருந்து 2 வயது வரைக்கானது. மொத்தம் 17 செயல்கள்தான். முகம் பார்த்துச் சிரிப்பது, கண்ணால் தொடர்ந்து பார்ப்பது, தலை நிற்பது, குப்புற விழுவது, சத்தம் வந்த பக்கம் திரும்புவது, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பொருளை மாற்றுவது, தானாக நடப்பது, இரண்டு வார்த்தை பேசுவது, பொம்மையின் கண் மூக்கைத் தொட்டுக் காட்டுவது, இப்படிப் போகும். தேவைப்படும் சாமான் ஒரு பேனாவும் ஒரு சாவிக்கொத்தும்! ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கோடு போட்டிருப்பார்கள். குழந்தையின் மாதத்துக்கு நேராகப் பேனாவைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பேனாவுக்கு இடது பக்கத்திலேயே முடிந்துவிட்ட கோடுகளில் உள்ளதையெல்லாம் குழந்தை செய்ய வேண்டும். அதில் ஏதாவது ஒன்றைச் செய்யவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இதையும் சுருக்கி, தாய்மார்களுக்காக ஒரு சின்ன அட்டையும் அதே மையத்தில் செய்தார்கள். அது இன்னும் எளிது. 2, 4, 8, 12 என்று நான்கு எண்களை மனசில் வைத்துக்கொண்டால் போதும். 2 மாதம் முடிவதற்குள் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். 4 மாதம் முடிவதற்குள் தலை நிற்க வேண்டும். 8 மாதம் முடிவதற்குள் தானாக உட்கார வேண்டும். 12 மாதம் முடிவதற்குள் தானாக நிற்க வேண்டும். கூடவே பார்க்கிறதா, கேட்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். காபித் தோட்டத்துக்குத் தூளியைத் தூக்கிக்கொண்டு போகும் அம்மாவும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் முன்னே பின்னே ஆனால் உடனே பயப்பட வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஆனால் "அவங்க அப்பாகூட லேட்டாத்தான் நடந்தாரு, லேட்டாத்தான் பேசுனாரு" என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருடம் கடத்துகிறோமே, அது கூடாது.

ஏன் இவ்வளவு அவசரம்? அதற்கும் அதே மையம் விடை தேடியது. திருவனந்தபுரம் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் வார்டிலிருந்து வீட்டுக்குப் போன 800 குழந்தைகளைச் சீட்டுப்போட்ட மாதிரி இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவில் தாய்க்கே பயிற்சி கொடுத்து, தினமும் வீட்டில் குழந்தையோடு பேசுவது, தொட்டுத் தடவுவது, பொருளைக் காட்டி எட்டி எடுக்க வைப்பது என்று ஒரு வருடம் செய்ய வைத்தார்கள். 1 வயதிலும் 2 வயதிலும் சோதித்தபோது பயிற்சி பெற்ற தாய்மார்களின் பிள்ளைகள் உடல் வளர்ச்சியிலும் அறிவு வளர்ச்சியிலும் முன்னே நின்றார்கள். மருந்து இல்லை, ஊசி இல்லை. அம்மாவின் கைதான். மூளை வேகமாக வளர்கிற முதல் இரண்டு மூன்று வருடத்தில் இதைச் செய்தால் பலன் அதிகம். ஆறு வயதில் பள்ளியில் சேர்க்கும்போது "இவன் படிக்க மாட்டான்" என்று டீச்சர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது என்றால், அந்த நல்ல காலம் போய்விட்டது என்று அர்த்தம். அப்போதும் செய்ய வேண்டியது நிறைய உண்டு, விட்டுவிடக் கூடாது. ஆனால் கஷ்டம் கூடும்.

டாக்டர் படிப்பு படித்தவர்கள்தான் இப்படித் தலைமைக்கு வர முடியுமா? இல்லை. இந்தத் துறையின் முக்கியமான நிறுவனங்கள் பலவற்றைத் தொடங்கியவர்கள் தாய்மார்கள். மும்பையில் மிது ஆலூர், தன் மகளுக்கு மூளை முடக்குவாதம் என்று தெரிந்த பிறகு 1972இல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியை ஆரம்பித்தார். பிற்பாடு அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட ஆய்வு நமக்கு ரொம்ப நெருக்கமானது. அங்கன்வாடித் திட்டத்தின் நடைமுறையில் மாற்றுத்திறன் குழந்தைகள் எப்படி விடுபட்டுப் போகிறார்கள் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். சென்னையில் 1985இல் இன்றைய வித்யாசாகர் அமைப்பைத் தொடங்கிய பூனம் நடராஜனும், டெல்லியில் 1991இல் ஆட்டிசத்துக்கென்றே அமைப்பு தொடங்கிய மெர்ரி பரூவாவும் அப்படித்தான். சொந்தப் பிள்ளைக்காகத் தேடப் போனவர்கள், ஊர்ப் பிள்ளைகளுக்காக நிறுவனம் கட்டினார்கள். பூனம் நடராஜன் பிறகு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைக்கே தலைவராக இருந்தார்.

சென்னை மதுரம் நாராயணன் மையம் 1989 முதல் நடக்கிறது. அங்கே குழந்தையோடு அம்மாவும் வர வேண்டும். உடலசைவு, தன் வேலையைத் தானே செய்வது, பேச்சு, அறிதல், பழகுதல் என்று ஐந்து பகுதியாகப் பிரித்து 'உபநயன்' என்ற பயிற்சித் திட்டத்தில் தாயையே டீச்சராக்குகிறார்கள்.

ஆனால் மலைவாசிகளான நமக்கு அதிகம் பிடித்தது தென்காசி பக்கம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தின் கதைதான். எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது முதுகுத்தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். 1981இல் சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். இன்று அந்தச் சங்கத்தின் களப்பணியாளர்கள் கிராமம் கிராமமாக வீட்டுக்கே போகிறார்கள். பெரும்பாலும் அந்தந்தப் பகுதிப் பெண்கள்! கையில் ஒரு கருவி வைத்துக்கொண்டு குழந்தையின் முன்னேற்றத்தைப் பதிவு செய்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் அதைப் பார்த்து அடுத்து என்ன பயிற்சி என்று சொல்கிறார். அப்படிச் சேர்ந்த பதிவுகள்தான் பிறகு ஆராய்ச்சிக் கட்டுரைகளாக வருகின்றன. குழந்தைக்கு மட்டுமல்ல, தாயின் மனச்சுமை குறைகிறதா என்றும் அவர்கள் அளந்து பார்க்கிறார்கள். இதை யோசித்த தலைமைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அரசு நிறுவனங்களும் உண்டு. செகந்திராபாத்தில் 1984இலும், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 2005இலும் மத்திய அரசு தேசிய நிறுவனங்களைத் தொடங்கியது. முட்டுக்காட்டில் இருப்பது பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. சிறப்பு ஆசிரியர் பயிற்சியும் அங்கே உண்டு. பன்னிரண்டாவது முடித்த நம் பிள்ளைகள் விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

இனி கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஆராய்ச்சி என்ற பெயரில் நம் ஊர்களுக்கு அடிக்கடி ஆட்கள் வருகிறார்கள். படிவம் நிரப்புகிறார்கள், உயரம் எடை பார்க்கிறார்கள், சில சமயம் ரத்தமும் எடுக்கிறார்கள். போனவர்கள் திரும்பி வந்து "உங்க பிள்ளைக்கு இதுதான்" என்று சொன்னது குறைவு. இதற்கு விதி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, எதற்காக ஆய்வு, என்ன செய்வார்கள், என்ன ஆபத்து, என்ன பலன் என்பதை நமக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். சம்மதம் கேட்க வேண்டும். 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லலாம், நடுவில் விலகலாம், அதனால் நமக்கு வரும் சிகிச்சையையோ சலுகையையோ நிறுத்தக் கூடாது. அதனால் அடுத்த முறை யாராவது வந்தால் "நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதம் இருக்கா? ரிசல்ட்டை எங்களுக்கு எப்பச் சொல்வீங்க?" என்று தைரியமாகக் கேளுங்கள். நல்ல ஆராய்ச்சியாளர் கோபப்பட மாட்டார். காகிதத்தைக் காட்டுவார். படிக்கத் தெரியாவிட்டால் குழு எழுத்தரை வைத்துப் படித்துக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இப்போது நம் வழி. 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கும் ஒரு முறை பள்ளிக்கும் வர வேண்டும். அவர்கள் சந்தேகப்படும் குழந்தையை மாவட்ட அளவிலான ஆரம்பக்கட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். நமக்கு அது சேலத்தில். அங்கே காது, கண், பேச்சு, பிசியோதெரபி எல்லாம் ஒரே இடத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். ஆனால் இலவசம் என்பது ஆஸ்பத்திரி வாசலுக்குள்தான். பஸ் காசும், அன்றைக்குப் போகும் தோட்டக் கூலியும் தாய் கையிலிருந்துதான் போகின்றன. பழம் பறிக்கும் மாதங்களில் ஒரு நாள் கூலியை விட யாருக்கு மனசு வரும்? இரண்டு தடவை போய்விட்டு மூன்றாவது தடவை நின்றுவிடுகிறார்கள். இதற்குக் குழுவின் உள்கடனைக் கொடுப்பதா, அல்லது கூட்டமைப்பின் சமூக நிதியிலிருந்து திருப்பிக் கேட்காத உதவியாகக் கொடுப்பதா என்று நாம் பேசி முடிவெடுக்க வேண்டும். எங்கள் கருத்து உதவியாகவே கொடுக்கலாம் என்பது. வேறு கருத்து உள்ள குழுக்கள் கூட்டத்தில் சொல்லுங்கள். ஒரே திசையில் உள்ள ஊர்களின் தாய்மார்கள் ஒரே நாளில் சேர்ந்து போனால் துணையும் ஆச்சு.

குறைபாடு உறுதியானால் அடையாள அட்டைக்குச் சேலம் கலெக்டர் ஆபீசில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 40 சதவீதத்துக்கு மேல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 2023 நிலவரப்படி மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பலவகைக் குறைபாடு உள்ளவர்கள் இதில் சேரலாம்.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு 2 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள உறுப்பினர்கள் எல்லாரும் குழந்தையையும் தாய் சேய் நல அட்டையையும் கையோடு கொண்டு வாருங்கள். வளர்ச்சிப் படிகள் அந்த அட்டையிலேயே படத்தோடு இருக்கின்றன. அங்கன்வாடி டீச்சரையும் செவிலியரையும் கூப்பிடுவதை ஒவ்வொரு குழுவிலும் ஊக்குநர் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் உள்ள பிள்ளைகளின் பெயரைத் தனித்தாளில் எழுதி, மூடிய உறையில் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டாம்.