எந்திரம் ரெடி, ஆள் எங்கே?

2020 மார்ச் 28, சனிக்கிழமை, கோவிட் காலம். சன்னிவேலில் ப்ளூம் எனர்ஜி நிறுவன வளாகத்தில் கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் செய்தியாளர்களைச் சந்தித்தார். அமெரிக்க மத்திய அரசு லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பிய 170 வென்டிலேட்டர்கள் வேலை செய்யவில்லை, அவற்றை லாரியில் ஏற்றி இன்று காலை இங்கே கொண்டுவந்துவிட்டோம், திங்கட்கிழமை சரியாகித் திரும்பிவிடும் என்றார். எங்கள் மில்பிடாஸிலிருந்து 237 நெடுஞ்சாலையைப் பிடித்தால் சன்னிவேல் கால் மணி நேரம். ப்ளூமின் நிறுவனர் கே.ஆர்.ஸ்ரீதர் நம் திருச்சி ஆர்.இ.சி.யில் மெக்கானிக்கல் படித்தவர். செவ்வாய்க் கிரகத்துக் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் கருவிக்காக நாசாவோடு வேலை பார்த்தவர். எரிபொருள் மின்கலம் செய்யும் கம்பெனி, சர்வீஸ் மேனுவலைப் புரட்டி, வென்டிலேட்டரைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டது.

நம்மூர்க்காரர்களுக்கு அந்த வாரம் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான். ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு கேள்வி மறைந்துபோனது. பழுதான 170 எந்திரத்தை ஒரு வார இறுதியில் சரிசெய்யலாம். அதை நோயாளியோடு இணைத்து, இரவு பகலாகப் பக்கத்தில் நின்று திருகு திருகும் ஆளை எத்தனை வார இறுதிகளில் தயார் செய்வது?

அந்த ஆளுக்கு இங்கே ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் என்று பெயர், வார்டில் சுருக்கமாக ஆர்.டி. கலிஃபோர்னியாவில் இந்தத் தொழிலுக்கென்று 1982-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, உரிமம் இல்லாமல் வேலை பார்க்க முடியாது. சான் புரூனோவின் ஸ்கைலைன் கல்லூரியில் இதற்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பி.எஸ்சி. உண்டு. ஆனாலும் நம் ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் இந்த வேலை மயக்கவியல் மருத்துவர் தலையிலும் ஐ.சி.யூ. நர்ஸ் தலையிலும்தான் விழுகிறது.

ஆர்.டி. செய்கிற முதல் காரியத்தைப் பாருங்கள். சட்டைப் பையிலிருந்து தையல்காரர் டேப் மாதிரி ஒன்றை எடுத்து, படுத்திருப்பவரை உச்சி முதல் குதிகால் வரை அளப்பார். எடை அவருக்கு முக்கியமில்லை, உயரம்தான் வேண்டும். நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது. சோறும் சர்க்கரையும் சேர்த்துவைத்த எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பாட்டிக்கு உயரக் கணக்குப்படி வரும் எடை சுமார் 43 கிலோ. கிலோவுக்கு 6 மில்லி என்றால், ஒரு மூச்சுக்கு 260 மில்லி காற்று. அதே பாட்டி தராசில் 72 கிலோ காட்டுகிறார் என்று அதை வைத்துக் கணக்குப் போட்டால் 430 மில்லியைத் தாண்டிவிடும். ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும் நுரையீரலை எந்திரமே ஒவ்வொரு மூச்சிலும் கிழிக்கும். குள்ளமான, பருத்த உடல்வாகுள்ள பெண்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். நம் வீட்டு அம்மாக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 6 மில்லி சும்மா வந்த எண் அல்ல. சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2000-ல் வெளியானது. கடுமையான நுரையீரல் பாதிப்போடு வந்த 861 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அன்றைய வழக்கப்படி கிலோவுக்கு 12 மில்லி, மறுபாதிக்கு 6 மில்லி. முதல் பிரிவில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் இறந்தார்கள், இரண்டாவதில் 31. புது மருந்து கிடையாது, புது எந்திரமும் கிடையாது. காற்றைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். தீவிர சிகிச்சை வரலாற்றில் இதைவிட மலிவான கண்டுபிடிப்பு அதிகம் இருக்காது.

கோவிட் காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட இன்னொன்று, நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது. பெரும்பாலும் பிரான்ஸில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், மிக மோசமான நிலையில் இருந்தவர்களை ஒரே மூச்சாக 16 மணி நேரமாவது குப்புறப் போட்டார்கள். 28 நாள் இறப்பு 33 சதவீதத்திலிருந்து 16-க்கு இறங்கியது. கேட்க எளிது. செய்ய நாலைந்து பேர் வேண்டும். தலைமாட்டில் ஒருவர் தொண்டைக் குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ண, மற்றவர்கள் ஒரே நேரத்தில் புரட்ட வேண்டும். குழாய் நழுவினால் நிமிடக் கணக்கில் உயிர் போகும்.

மில்பிடாஸில் பெரிய மருத்துவமனை கிடையாது. 911-ஐக் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் சான் ஹோசே பக்கம் திரும்பும். பேரன் பேத்தியைப் பார்க்க ஆறு மாதம் தங்க வந்த அப்பாவோ அம்மாவோ நிமோனியாவில் விழுந்து ஐ.சி.யூ.வுக்குப் போனால், வீட்டில் முதலில் எழும் பேச்சு: "வென்டிலேட்டர்ல வெச்சுட்டாங்களா? அப்போ அவ்ளோதான்." இந்த நம்பிக்கை தவறு. வென்டிலேட்டர் நோயைக் குணமாக்காது, குணமாவதற்கு அவகாசம் வாங்கித் தரும். அந்த அவகாசத்துக்கும் விலை உண்டு. மூச்சு விடும் உதரவிதானம் வேலையில்லாமல் சில நாளிலேயே மெலியும், குழாய் வழியாகப் புதுத் தொற்று வரும், மனம் குழம்பும். அதனால் நல்ல ஐ.சி.யூ. குழாயைப் போட்ட அன்றே எப்போது எடுக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கும்.

தினமும் காலையில் மயக்க மருந்தை நிறுத்திப் பார்ப்பார்கள். சிகாகோவில் 128 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவிடம் இப்படிச் செய்து பார்த்ததில், எந்திரத்தில் இருந்த காலம் 7.3 நாளிலிருந்து 4.9 நாளாகக் குறைந்தது. விழிப்பு வந்ததும் எந்திரத்தின் உதவியைக் குறைத்து, அரை மணி நேரமாவது தானாக மூச்சு விடவைத்துப் பார்ப்பார்கள். தாக்குப்பிடித்தால் குழாயை எடுப்பது பற்றிப் பேச்சு.

இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல். விழிப்பைச் சோதிக்க நர்ஸ் ஆங்கிலத்தில், கையை அழுத்துங்கள், நாக்கை நீட்டுங்கள் என்பார். கும்பகோணத்திலிருந்து வந்த அம்மாவுக்கு அது புரியாது, பேசாமல் பார்ப்பார். "சொன்னதைச் செய்யவில்லை" என்று குறிப்பில் ஏறினால், குழாய் இன்னொரு நாள் தொண்டையில் இருக்கும். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கலாம், காசு கிடையாது. அதைவிட நல்லது, அந்த நேரத்தில் மகளோ மகனோ பக்கத்தில் நின்று, "அம்மா, என் கையை இறுக்கிப் புடிங்க" என்பது. மூக்குக் கண்ணாடியையும் காது மிஷினையும் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். கண்ணும் காதும் மங்கியிருந்தால் குழப்பம் கூடும். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, "இன்னைக்கு மயக்க மருந்தைக் குறைச்சுப் பாத்தீங்களா? தானா மூச்சு விடவெச்சுப் பாத்தீங்களா?" என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லோரும் மீண்டுவிடுவதில்லை. பத்துப் பதினைந்து நாள் ஆனால் கழுத்தில் துளை போடும் பேச்சு வரும், அதற்குப் பிறகு எத்தனை நாள் என்ற பேச்சும் வரும். சென்னையில் இருக்கும் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒன்று சொல்வார், டல்லஸ் தங்கை வேறொன்று சொல்வார், டாக்டர் நடுவில் காத்திருப்பார். தன் சார்பில் யார் முடிவெடுப்பது என்று நோயாளி எழுதிவைக்காமல் போயிருந்தால் யாரிடம் கேட்கலாம் என்று கலிஃபோர்னியா 2023 முதல் சட்டத்தில் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. வாழ்க்கைத் துணை, வளர்ந்த பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் என்று அது நீள்கிறது. பிள்ளைகள் நாலு பேர் என்றால், நாலு பேரும் அந்த ஒரே வரியில்தான் இருப்பார்கள். அவர்களுக்குள் வரும் சண்டையை அந்தப் பட்டியல் தீர்க்காது.

அதனால் அப்பா அம்மா இங்கே வந்து இறங்கியதும் கேட்டுவிடுங்கள்: "உங்களால பேச முடியாம போனா உங்களுக்காக யார் பேசணும்? எதுவரைக்கும் பாக்கணும்?" சங்கடமான பேச்சுதான், காபி குடித்துக்கொண்டே கேட்டாலும் சங்கடம்தான். கலிஃபோர்னியாவில் இதற்கான படிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வக்கீல் தேவையில்லை, நோட்டரி அல்லது இரண்டு சாட்சிகள் போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: யாரைப் பேசச் சொல்லி எழுதுகிறீர்களோ அவர் சாட்சிக் கையெழுத்துப் போட முடியாது, சாட்சிகளில் ஒருவராவது உறவினர் அல்லாதவராக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.