எந்த எதிர்ப்பொருள் தடுக்கும்?

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஆதரவாளர்களே,

"எச்.ஐ.வி.க்கு ஏன் இன்னும் தடுப்பூசி வரவில்லை?" என்று ஆலங்காயம் பகுதிச் சபைகளில் எங்களிடம் பலர் கேட்கிறார்கள்.

இந்தியாவில் இக்கிருமி அறியப்பட்ட வரலாற்றில் வேலூருக்கும் பங்குண்டு. 1986-ம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, டாக்டர் செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்தம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலைசா முறையில் சோதிக்கப்பட்டது. ஆறு பெண்களின் இரத்தத்தில் எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் காணப்பட்டது. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதை உறுதிசெய்தது.

எதிர்ப்பொருள் என்பது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்குவது. "அது என் உடம்பில் இருந்தால் நல்லதுதானே ஐயா?" என்று வார்டில் சிலர் கேட்பார்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. ஆகவே இதை விளக்க விரும்புகிறோம்.

கிருமி ஒரு சாவி. நம் இரத்த அணு ஒரு பூட்டு. எதிர்ப்பொருள் சாவியின் பிடியில் ஒட்டினால் பூட்டு திறந்துவிடும். சாவியின் பல்லில் ஒட்டினால்தான் திறக்காது. எலைசா சோதனை, ஒட்டியிருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். எச்.ஐ.வி.யோ தன் பல்லைச் சர்க்கரைப் போர்வையால் மூடி, தன் உருவையும் அடிக்கடி மாற்றி நழுவுகிறது.

ஆகவே தடுப்பூசி ஆராய்ச்சியில் வேறொரு சோதனை வேண்டியிருக்கிறது. ஒருமுறை மட்டும் அணுவுக்குள் நுழையக்கூடிய, பெருக முடியாத போலிக் கிருமியை ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கிறார்கள். ஊசி போட்டுக்கொண்டவரின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை அதனுடன் கலந்து, கிருமி நுழைந்தால் ஒளிரும்படி அமைத்த அணுக்கள்மேல் விடுகிறார்கள். ஒளி குறைந்தால் கிருமி தடுக்கப்பட்டது என்று பொருள். தெளிநீரைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, எதுவரை ஒளி பாதியாகக் குறைகிறது என்று அளக்கிறார்கள்.

2006-ம் ஆண்டு சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 32 தன்னார்வலர்களிடம் ஒரு தடுப்பூசியின் முதற்கட்டச் சோதனை தொடங்கியது. ஆயினும் உலகில் இதுவரை எந்த எச்.ஐ.வி. தடுப்பூசியும் பொதுமக்களுக்கு வரவில்லை. 2021-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், ஆயத்தமான எதிர்ப்பொருளை நேரடியாக இரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். மொத்தத்தில் தொற்று குறையவில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் அதற்கு எளிதில் அடங்கிய கிருமி வகைகளின் தொற்று 75 சதவீதம் குறைந்தது. அந்தச் சோதனை சரியான வழியைக் காட்டுகிறது என்பதற்கு இது அடையாளம்.

அந்நாள் வரும்வரை மாத்திரையே நம் நோயாளிகளுக்குக் காவல். 2004 முதல் அரசு அதை இலவசமாகத் தருகிறது. தவறாமல் உட்கொள்ளுகிறவர்கள் நீண்டநாள் வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்து, தோல் தொழிற்சாலை வேலைக்கும் செல்லலாம்.

ஜெபிக்க வேண்டுகிறோம்:

1. பலன் தங்களுக்கென்று எதிர்பாராமல் உடலை ஆய்வுக்கு ஒப்புக்கொடுக்கும் தன்னார்வலர்களுக்காக.

2. ஆராய்ச்சியாளர்களின் பொறுமைக்காக.

3. நோயுற்ற சகோதர சகோதரிகளைச் சபைகள் ஒதுக்காமல் ஏற்றுக்கொள்ளும்படியாக.



கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஆயர்