நாளக் குருதியுறைவும் கழியொலிச் சோதனையும்

கையொன்று திடீரென வீங்கிக் கனத்து நீலம் பாரிக்குமாயின், அதனைச் சுளுக்கெனக் கருதி எண்ணெய் தேய்த்து உருவிவிட முற்படுவோர் உளர். வீக்கத்தின் காரணம் நாளத்துள் உறைந்த குருதியாயின், அவ்வுருவலே ஆபத்தாதல் கூடும். உறைகட்டி பெயர்ந்து இதயத்தின் வழியே சுவாசப்பையை அடையின் உயிருக்கே இறுதி நேரலாம்.

கையினின்று மீளுங் குருதி புயநாளம், அக்குள் நாளம், காறையெலும்பின் கீழ்ச் செல்லும் நாளம் ஆகியவற்றின் வழியே சென்று, கழுத்து நாளத்தோடு கூடி இதயத்தை நோக்கிப் பாய்கின்றது. ஓட்டந் தேங்குதல், குழாய்ச்சுவர் ஊறுபடுதல், குருதியின் உறையுந் தன்மை மிகுதல் என்னும் மூன்றும் உறைவுக்கு ஏதுக்களாம். மருந்து செலுத்துதற்கென நாளத்துள் நெடுநாள் வைக்கப்படும் குழாயும் புற்றுநோயும் இவ்விடத்து உறைவுக்கு முதன்மையான காரணங்கள். வெளிப்படையான காரணமின்றியோ கடுமையான கைத்தொழிலின் பின்னரோ தோன்றும் வகை, அதனை விவரித்த பஜெற் (1875), ஷ்ரோட்டர் (1884) ஆகியோர் பெயரால் வழங்குகின்றது.

மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கவல்லது. இச்சோதனையிற் பயன்படும் கழியொலியோ பல பத்து இலட்சம் அதிர்வுகளை உடையது. உடலுட் சென்று இழையங்களின் எல்லைகளில் மோதித் திரும்பும் எதிரொலிகளைக் கருவி படமாக்குகின்றது. புதிய உறைகட்டி படத்திற் புலப்படாமலும் போகலாம். ஆதலின் மருத்துவர் கருவிமுனையால் நாளத்தை மெல்ல அழுத்துவர். நலமுள்ள நாளம் உடனே ஒடுங்கும், உறைவுற்றது ஒடுங்காது.

காறையெலும்பின் பின்னுள்ள நாளத்தை இவ்வாறு அழுத்துதல் அரிது. ஆங்கு உதவுவது, 1842-இல் டொப்ளர் விண்மீன்களின் ஒளி பற்றி எடுத்துரைத்த தத்துவமாகும். அசையுங் குருதியினின்று திரும்பும் ஒலியின் மீடிறன் மாறுபடுதலால் ஓட்டத்தின் திசையும் வேகமும் அறியப்படும். இதயத்துக்கு அண்மையிலுள்ள நாளங்களின் ஓட்டம் மூச்சுக்கும் இதயத்துடிப்புக்கும் இயையக் கூடியுங் குறைந்தும் நிகழும். ஒரு பக்கத்தில் மட்டும் அவ்வேறுபாடு மறைந்திருப்பின், மேலே தடையுண்டென ஐயுறல் வேண்டும்.

மார்பெலும்பின் பின்னுள்ள பெருநாளங்களைக் கழியொலி நன்கு காட்டாது. எனவே, சோதனையில் உறைவு காணப்படாவிடினும் ஐயம் நீங்காதபோது வேறு படச்சோதனைகள் வேண்டப்படும். உறைவைக் காணத் தவறின் உயிருக்கு ஆபத்து. இல்லாததை உண்டெனக் கொண்டு உறைவெதிர் மருந்தளிப்பின் குருதிப்பெருக்கு நேரலாம். ஆகவே கருவியின் நுட்பத்தோடு, அதனை ஆள்வோரின் பயிற்சியும் நிதானமும் இன்றியமையாதனவாம்.