சோர்வும் சினமும்

சவுல் அரசனின் சரிதையை நாம் அனைவரும் அறிவோம். மனக்கலக்கம் வந்து கவிந்தபோதெல்லாம் தாவீதின் சுரமண்டல ஓசையால் ஆறுதல் பெற்ற அம்மன்னனே, பிறிதொரு நாள் அவ்விசைவாணன்மீதே ஈட்டியை எறிந்தான். அவனுற்ற நோய் இன்னதென இன்று துணிந்துரைத்தல் இயலாது. ஆயினும், சோர்வும் சினமும் ஓருள்ளத்தே குடியிருத்தல் கூடும் என்பதற்கு அவ்வரலாறு ஒரு பழஞ்சான்றாகும்.

மனச்சோர்வு என்றவுடன் கண்ணீரும், தனிமையும், ஊண் உறக்கம் குன்றுதலுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் அமெரிக்காவிலே பாஸ்டன் நகரத்து மாஸசூஸெட்ஸ் பொது மருத்துவமனையில், மௌரிஸியோ ஃபாவா என்னும் மனநோய் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1990ஆம் ஆண்டினை அடுத்து நிகழ்த்திய ஆராய்ச்சிகள் வேறொன்றையும் புலப்படுத்தின. அந்நோயால் வருந்தி வந்தோருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர்க்கு, அற்பக் காரணம் பற்றித் திடீரெனச் சினம் பொங்கியது. நெஞ்சு படபடக்கும், முகம் சிவக்கும், வியர்வை பெருகும், வசைமொழி எழும், சிலர் கைக்கெட்டிய பொருளை வீசியெறிவர். சினம் தணிந்தபின் அது தம் இயல்புக்கு மாறானதென்று தாமே நாணி வருந்துவர்.

இதற்குக் காரணம் யாது? மூளையின் உட்புறத்தே வாதுமைப் பருப்பின் வடிவினதாய் அமிக்டலா என்றோர் உறுப்பு உண்டு. தீங்கு நேருமெனத் தோன்றியவிடத்து, அச்சமும் சினமும் எழுமாறு உடலைத் தூண்டுவதில் அதற்குப் பெரும்பங்குண்டு. நெற்றியின் பின்னே, கண்களுக்கு மேலாக அமைந்த மூளைப்பகுதியோ, நேர்ந்ததை நிதானித்து அத்தூண்டுதலை அடக்க உதவுவது. முன்னதைக் குதிரை என்றால் பின்னதைக் கடிவாளம் எனலாம்.

இவ்விரண்டின் தொழிலையும் அம்மருத்துவமனையைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் சோதித்து, 2004ஆம் ஆண்டில் முடிவினை வெளியிட்டனர். தம் வாழ்வில் சினமூட்டிய நிகழ்ச்சியொன்றை ஒவ்வொருவரும் நினைவுகூருமாறு செய்து, அப்போது மூளையில் ஓடும் இரத்தத்தின் அளவைப் படமெடுத்தனர். நலமுடையோரிடத்து நெற்றிப்புற மூளையின் இடப்பாகத்தில் இரத்த ஓட்டம் மிகுந்தது. சோர்வோடு சினமும் உடையோரிடத்து அத்துணை எழுச்சி காணப்படவில்லை. மேலும், அன்னோரிடத்து அடக்கவேண்டிய பகுதியும் அமிக்டலாவும் ஒருசேர ஏறி ஒருசேர இறங்கின. கடிவாளம் குதிரையை இழுத்துப் பிடியாது, அதனுடனேயே ஓடிற்று என்க.

இவ்வாராய்ச்சி மிகச் சிலரிடத்து நிகழ்ந்ததாதலின், இதுவே முடிந்த முடிபு எனல் தகாது. சோர்வுற்றோர் யாவரும் வன்செயல் புரிவர் என்று கருதுதலும் பெரும் பிழை. அவருள் மிகப் பலர் எவர்க்கும் தீங்கிழையாதவரே. மூளையின்மீது பழிசுமத்தி, மனைவி மக்களை அடித்தலை நியாயமென்று காட்டவும் இஃது இடந்தராது. நோய் என அறிதலின் பயன் வேறு: நோயெனின் மருந்துண்டு. மனச்சோர்வுக்குரிய சிகிச்சை பெற்றோருள் பெரும்பாலோர்க்கு இச்சினப்பெருக்கு ஒழிந்ததென அம்மருத்துவர்களே கண்டனர்.

மாணவர்க்கு இச்செய்தி சிறப்பாக உரியது. சிறாரிடத்தும் இளையோரிடத்தும் துயரத்திற்கு ஈடாக எரிச்சலே மனச்சோர்வின் அடையாளமாகத் தோன்றக்கூடும் என அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் நோய்கணிப்பு நூலும் ஏற்றுக்கொண்டுள்ளது. ஆதலின், நேற்றுவரை இன்முகம் காட்டிய விடுதித்தோழன் சின்னாட்களாக யாவர்மீதும் சீறி விழுவானாயின், அவனை முரடனென்று ஒதுக்குமுன், அவன் உறங்கினானா, உண்டானா என்று வினவுவோமாக. தக்க மருத்துவரிடம் செல்லத் துணைபுரிதலும் நட்பின் கடனே அன்றோ?