டப்ளினின் ஹாஸ்பிஸ்

டப்ளின் நகரின் ஹெரால்ட்ஸ் கிராஸ் பகுதியில் உள்ள ‘அவர் லேடீஸ் ஹாஸ்பிஸ்’ என்ற, குணமாகாத நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம் 1879-ல் தொடங்கப்பட்டது. குணமாகாத நோயாளிகளை அன்றைய பொது மருத்துவமனைகள் நெடுநாள் வைத்துக்கொள்வதில்லை. ஏழைகளுக்கு எஞ்சியது அரசின் ஏழையர் விடுதிதான். கத்தோலிக்கப் பிறரன்புச் சகோதரிகள் சபை, தன் நிறுவனர் மேரி ஐகென்ஹெட் 1858-ல் மறைந்த மடத்தையே இவர்களுக்காகத் திறந்துவிட்டது. தொடக்கத்தில் வந்தவர்களில் பலர் காசநோயாளிகள். தீர்க்கும் மருந்தில்லாத அக்காலத்தில் சுத்தமான படுக்கையும் உணவும் இரவிலும் அருகிலிருந்த ஓர் ஆளுமே சிகிச்சை; அது சிறிய உதவியல்ல.

இதே சபை 1905-ல் லண்டன் ஹாக்னியில் செயின்ட் ஜோசப் ஹாஸ்பிஸைத் தொடங்கியது. அங்கு 1958 முதல் பணியாற்றிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், வலி தலைதூக்கும் முன்பே குறித்த நேரத்தில் மார்ஃபின் தரும் முறையை நடைமுறைப்படுத்தினார். டப்ளின் இல்லம் இன்று முதியோரையும் மூட்டுவாத நோயாளிகளையும்கூடப் பராமரிக்கிறது.