வண்ணத்துப்பூச்சியை இனங்காணல்



ஐப்பசி மழை சற்றே ஓய்ந்து வெயில் முகங்காட்டும் ஒரு காலையில் ஊருக்கு வெளியே வரப்போரமாக நடந்து பாருங்கள். உண்ணிச்செடிப் புதரிலும் தும்பைப் பூவிலும் வண்ணத்துப்பூச்சிகள் தேனருந்திக்கொண்டிருக்கும். ‘என்ன அழகு!’ என்று வியந்துவிட்டு நாம் நம் வழியே போகிறோம். அதன் பெயர் என்ன, அது எதை உண்டு வளர்ந்தது என்று நின்று கேட்பவர் சிலரே. அவ்வாறு நின்று கேட்கும் முறையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் காலத்தைச் சொல்கிறேன். பறப்பதற்கு வேண்டிய உடல் வெப்பத்தை வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் கதிரவனிடமிருந்தே பெறுகிறது. ஆதலின் சிறகை விரித்து வெயில் காய்ந்த பின்னரே அது சுறுசுறுப்பாகப் பறக்கும். காலை 8 மணி முதல் 11 மணி வரை அதனைக் காண்பதற்கு ஏற்ற வேளை. கையில் வலை வேண்டுவதில்லை. ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலும் போதும். நம் நிழல் அதன்மேல் விழாதபடி மெல்ல நெருங்குதல் வேண்டும்.

இனிப் பெயரறியும் முறைக்கு வருவோம். சிறகின் நிறத்தை மட்டும் கண்டு பெயர் சொல்ல முற்படுபவர் ஏமாந்துபோவர். நானே அவ்வாறு ஏமாந்தவன்.

1988ஆம் ஆண்டில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவரை ஒருநாள் வயல்வெளிக்கு அழைத்துச் சென்றபோது, கிணற்றடியில் ஒரு பூச்சி பறந்தது. கறுத்த சிறகுகள், பின்சிறகின் நடுவே வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவந்த பிறைகள். இன்று தமிழில் ‘ரோசா அழகி’ என வழங்கும் பூச்சி அதுவே என்று சற்றும் தயங்காமல் கூறினேன். ஆடு மேய்ப்பவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் முன்வந்து, “ஐயா, அந்தப் பூச்சிக்கு உடம்பு சிவப்பாக இருக்கும். இதற்குக் கறுப்பாக இருக்கிறதே! இது கறிவேப்பிலைக் கொழுந்தில் முட்டையும் வைத்தது” என்றான். எனக்குச் சினம் வந்தது. “புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்துவிட்டுப் பேசு” என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவன் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மறு ஆண்டு மழைக்காலத்தில் என் வீட்டுக் கொல்லையிலிருந்த கறிவேப்பிலைச் செடியில் ஒரு பச்சைப் புழுவைக் கண்டேன். அதைக் கண்ணாடிச் சாடியிலிட்டு, நாள்தோறும் புதிய இலை கொடுத்து, சாடியின் வாயை மெல்லிய துணியால் மூடி வளர்த்தேன். புழு கூட்டுப்புழுவாயிற்று. சில நாட்கள் கழித்து ஒரு காலையில் பூச்சி வெளிவந்தது. அதே வெள்ளைத் திட்டு. அதே சிவந்த பிறைகள். ஆனால், உடல் முழுக்கக் கறுப்பு. அந்தச் சிறுவன் சொன்னதே மெய். அது ‘கறிவேப்பிலை அழகி’யின் பெண்.

இந்த ஒப்புமைக்குக் காரணம் யாது? ரோசா அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளைச் செடியையும் அதன் இனக் கொடிகளையும் தின்று வளர்கிறது. ஆடும் தீண்டாத செடி என்பதைப் பெயரே கூறுகிறது. அச்செடியின் நச்சுப் பொருள் பூச்சியின் உடலிலும் தங்கிவிடுகிறது. ஒருமுறை கொத்திச் சுவை கண்ட பறவை மறுமுறை அதனை நாடுவதில்லை. கறிவேப்பிலை அழகிக்கு அந்நஞ்சு இல்லை. ஆயினும் அதன் பெண்களுட் பல, நச்சுப் பூச்சியின் கோலம் பூண்டு உயிர் பிழைக்கின்றன. ஆண் பூச்சியோ கறுத்த பின்சிறகில் வெண்புள்ளி வரிசையுடன் வேறாகத் தோன்றும். அதைப் போன்றே தோன்றும் பெண்களும் உண்டு.

இத்தகைய போலித் தோற்றத்தை, அமேசான் காடுகளில் 11 ஆண்டுகள் தங்கி ஆராய்ந்த ஹென்றி வால்டர் பேட்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1862ஆம் ஆண்டில் விளக்கினார். கறிவேப்பிலை அழகியின் பெண்களிடம் இக்கோலத்தை அமைப்பது ‘டபுள்செக்ஸ்’ என்னும் ஒரே மரபணு என்பதை 2014ஆம் ஆண்டில் அறிஞர் கண்டறிந்தனர்.

இன்னோர் எடுத்துக்காட்டும் கூறுவேன். எருக்கஞ்செடியில் வளரும் ‘வெந்தய வரியன்’ செம்மஞ்சள் நிறமுடையது. அதுவும் பறவைகளுக்கு ஆகாதது. அதனைப் போன்றே தோன்றும் வேறோர் இனத்துப் பெண் பூச்சி உண்டு. அதன் புழு பருப்புக்கீரையை உண்பது. வெந்தய வரியனின் பின்சிறகு நடுவே சில கரும்புள்ளிகள் இருக்கும். போலிக்கு அவை இரா.

ஆகவே ஒரு பூச்சியைக் கண்டால் நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறகின் நிறமும் புள்ளிகளும் ஒன்று. உடலின் நிறம் இரண்டாவது. பறக்கும் விதம் மூன்றாவது: ரோசா அழகி அச்சமின்றி மெல்லப் பறக்கும், போலியோ கலைத்துவிட்டால் விரைந்து ஓடிவிடும். எந்தச் செடியில் முட்டையிடுகிறது என்பது நான்காவது. இந்நான்கும் ஒத்துவந்த பிறகே பெயரை எழுதுங்கள். ஒன்று மாறுபட்டாலும் பெயருக்கு இடம்விட்டு வையுங்கள்; அவசரம் ஒன்றுமில்லை.

அந்த மாணவனிடம் என் தவற்றைச் சொல்ல எண்ணித் தேடினேன். அவன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, வேலை தேடி வெளியூர் போய்விட்டிருந்தான். பின்னர் நான் கற்பித்த ஒவ்வொரு வகுப்பிலும் இக்கதையைச் சொல்லியிருக்கிறேன். இன்று உங்களிடமும் சொல்கிறேன். புத்தகம் நமக்கு நல்ல துணையே. ஆயினும் புத்தகம் ஒன்று சொல்லி, உங்கள் கண் வேறொன்று கண்டால், அஞ்சாமல் எழுந்து கேளுங்கள். கேட்பவனை உட்காரச் சொல்லாத ஆசிரியர் உங்களுக்கு வாய்ப்பாராக!