கைவிடப்பட்ட நாய் பூனைகளைக் கிராம வீடுகளில் ஏற்று வளர்த்தல்

கொழும்பு நகரின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளில் முற்றமும் கிணறும் உடைய பழைய வீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்து வருகின்றன. வீட்டோடு வளர்ந்த நாய்க்கும் பூனைக்கும் மாடியில் இடம் கிடைப்பது அரிது. குடும்பத்துடன் வெளிநாடு செல்வோர் சிலரும் தம் பிராணிகளை யாரிடமும் ஒப்படையாது செல்கின்றனர். பெட்டைக் குட்டிகளை வேண்டாதார் அவற்றைச் சாக்கிலோ பெட்டியிலோ இட்டுச் சந்தையருகிலும், கோவில் வீதியிலும், கடற்கரைப் புகையிரதப் பாதையோரத்திலும் விட்டுவிடுகின்றனர். இன்னுஞ் சிலர் காரில் ஏற்றிச் சென்று தொலைவிலுள்ள ஒரு கிராமத்தில் இறக்கிவிட்டு, "ஊரில் எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கின்றனர்.

இவ்வெண்ணம் தவறானது. அதனால் பிராணிக்கும் கிராமத்தார்க்கும் விளையும் தீங்கினையும், முறைப்படி ஒரு பிராணியைக் கிராம வீட்டில் ஏற்று வளர்க்கும் வகையினையும் இப்பிரசுரம் விளக்குகின்றது.

ஊரில் விடப்பட்ட நாய்க்கு நேர்வது என்ன?

வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய் வேட்டையாடி உண்ணப் பழகியதன்று. புதிய ஊரில் ஒவ்வொரு தெருவும் அங்குள்ள நாய்களின் எல்லையாக இருக்கும். ஆதலால் அது கடிபட்டு ஓடி, காட்டோரத்திலோ பெருந்தெருவிலோ ஒதுங்குகின்றது. பசி மிகுந்தபோது கோழியைப் பிடிக்கும், ஆட்டுக்குட்டியைக் கடிக்கும். அதன் பின்னர் கமக்காரர் அதனை அடித்து விரட்டுவதும், சிலர் நஞ்சிடுவதும் நிகழ்கின்றன. காட்டுப்பன்றிக்கு வைத்த கண்ணியில் அகப்படும் நாய்களும் உண்டு.

அது பெட்டையாயின் தீங்கு பன்மடங்காகும். நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள். ஒரு பெட்டை நாய் ஆண்டுக்கு இருமுறை, முறைக்கு ஐந்து குட்டி ஈனுமென வைத்துக்கொண்டால், ஓராண்டில் பத்துக் குட்டிகளாகும். அவற்றுட் பல இறந்தாலும், எஞ்சியவை தடுப்பூசி பெறாத நாய்களாக ஊரில் அலையும். நகரத்தார் ஒருவர் இறக்கிவிட்ட ஒரு நாயின் சுமை இவ்வாறு ஒரு கிராமம் முழுவதன்மேலும் விழுகின்றது.

ஆகவே, பிராணியை ஓர் ஊருக்கு அனுப்புதல் என்பது போதாது. அதனை ஏற்க இசைந்த ஓர் ஆளிடம் ஒப்படைத்தல் வேண்டும். நாட்டுப்புற வாழ்க்கை நாய்க்கு நலந் தருவது, வளவும் நிழலும் வேளைக்கு உணவும் தன்னைப் பெயர் சொல்லி அழைப்பவரும் அதற்கு இருக்கும்போது மட்டுமே.

நகரத்திற் செய்யப்பட்ட முயற்சி

விசர்நாய்க்கடி நோயைத் தடுத்தற்கு இத்தீவில் 1893 ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நாய்களைப் பதிவு செய்தற்கான சட்டம் 1901 இலும், மிருகவதைத் தடைச் சட்டம் 1907 இலும் வந்தன. பல்லாண்டுகளாகத் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லுதலே வழக்கமாக இருந்தது. கொன்ற இடத்தில் வேறு நாய்கள் வந்து சேர்ந்தமையால் அதனால் நிலையான பயன் ஏற்படவில்லை. 2006 ஆம் ஆண்டில் அரசாங்கம் நாய்களைக் கொல்லும் வழக்கத்தை நிறுத்தி, தடுப்பூசியும் கருத்தடையும் செய்யும் வழியை மேற்கொண்டது.

கொழும்பு மாநகர எல்லைக்குள் 2007 இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் மாநகர சபையும் புளூ போ டிரஸ்ட் என்னும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து, நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்து, பொதுமக்களுக்கும் அறிவூட்டின. இம்முறை புதியதன்று. சென்னையில் நீலச் சிலுவைச் சங்கம் 1964 இலேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் பணியைத் தொடங்கியிருந்தது. ஓரிடத்து நாய்களுள் நூற்றுக்கு 70 அளவிலேனும் தடுப்பூசி பெற்றிருந்தால் விசர்நோய் அங்கே பரவுதல் நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஊசி பெறாத நாய்களைக் கிராமங்களில் கொண்டுவந்து விடுதல் இவ்வளவு முயற்சியையும் வீணாக்குவதாகும்.

கொடுப்பவர் செய்யவேண்டியவை

1. ஏற்பவரின் வீட்டைத் தாமே சென்று பார்த்தல் வேண்டும். வளவுக்கு வேலி உண்டா, வேறு நாய்கள் உண்டா, கோழி ஆடு உண்டா என்பவற்றை அறிதல் வேண்டும். வீட்டுப் பெரியவரும் இசைந்தாரா என்பதையும் கேட்டறிக.

2. அனுப்புமுன் விசர்நோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வித்தல் வேண்டும். தடுப்பூசி அரசாங்கத்தால் இலவசமாக ஏற்றப்படுகின்றது. ஊசி இட்ட அட்டையைப் பிராணியுடன் கொடுத்தனுப்புக.

3. தாய்ப்பால் குடிக்கும் குட்டியைப் பிரிக்கலாகாது. எட்டு வாரம் நிரம்பிய பின்னரே கொடுத்தல் நன்று.

4. சாக்கிற் கட்டிக் கொண்டுசெல்லுதல் கொடுமை. மூச்சடைத்து இறத்தலும் கூடும். காற்றோட்டமுள்ள கூட்டிலோ, கழுத்துப்பட்டியும் கயிறும் பூட்டியோ கொண்டுசெல்க. பயணத்துக்கு முன் வயிறு நிறைய உணவிடாது, வழியில் தண்ணீர் கொடுக்க.

5. அது உறங்கிய பழந்துணி ஒன்றையும் உடன் அனுப்புக. பழகிய மணம் புதிய இடத்தில் அச்சத்தைக் குறைக்கும். அது எப்பெயருக்கு வரும், எவ்வுணவு உண்டது, எதற்கு அஞ்சும் என்பவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்தல் ஏற்பவர்க்குப் பேருதவியாகும்.

ஏற்பவர் வீட்டில் முதல் நாட்கள்

புதிதாக வந்த நாய் முதல் இரண்டு மூன்று நாள் உண்ணாமலும், மூலையில் ஒடுங்கியும், இரவில் ஊளையிட்டும் இருக்கலாம். இதனைக் குணக்கேடு என்று எண்ணி அடித்தலாகாது. மழை ஒழுகாத கொட்டிலிலோ விறாந்தையின் ஒரு பக்கத்திலோ இடமளித்து, ஒருவரே வேளை தவறாது உணவிட்டு வருதல் வேண்டும். ஊரவர் பலரும் வந்து தொட்டுப் பார்ப்பதையும் சிறுவர் சூழ்ந்து நிற்பதையும் தடுக்க.

முதல் இரண்டு வாரமேனும் வேலிக்குள்ளேயே வைத்திருந்து, வெளியே கொண்டுசெல்லும்போது கயிற்றிற் பிடித்துச் செல்லுதல் அவசியம். பழைய வீட்டைத் தேடி ஓடும் நாய்கள் பெரும்பாலும் இக்காலத்திலேயே தொலைகின்றன. எனினும் நாள் முழுவதும் குறுகிய சங்கிலியிற் கட்டிவைத்தல் நாயைக் கடிநாயாக்கும். காலையும் மாலையும் அவிழ்த்து நடக்கவிடுதல் வேண்டும்.

கோழியும் ஆடும் உள்ள வீட்டில், நாயைக் கயிற்றிற் பிடித்தபடி அவற்றின் அருகே நாள்தோறும் சிறிது நேரம் இருத்தி, அமைதியாக இருக்கும்போது ஒரு துண்டு உணவு கொடுத்துப் பழக்குக. பழகியதென உறுதிப்படும்வரை தனியே விடலாகாது. நன்கு பழகிய நாய் வளவுக்குள் வரும் குரங்கையும் இரவில் வரும் பன்றியையும் அறிவித்துக் காக்கும். நகரிற் பயனற்றதென விடப்பட்ட நாய் காணியில் ஒரு காவலாளின் வேலையைச் செய்யும்.

உணவு

வளர்ந்த நாய்க்கு நாளுக்கு இருவேளையும், சிறு குட்டிக்கு நான்கு வேளையும் உணவிடுக. சோற்றுடன் அவித்த மீன், முட்டை அல்லது இறைச்சியும், பூசணி போன்ற காய்கறியும் கலந்து கொடுத்தல் ஏற்றது. வெறுஞ் சோறும் குழம்பும் மட்டும் போதா. வெங்காயம் நாய்க்கும் பூனைக்கும் இரத்தத்தைக் கெடுப்பது. ஆதலால் வெங்காயம் கிடந்த குழம்பை ஊற்றலாகாது. சமைத்த கோழியெலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். கருவாட்டின் உப்பும் மிகையானது. குடிதண்ணீர் எந்நேரமும் நிழலில் இருத்தல் வேண்டும்.

சொறி, உண்ணி, புழு

கமக்காரர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பயிருக்குத் தெளிக்கும் பூச்சிநாசினியை உண்ணி கொல்வதற்காக நாயின் உடலிற் பூசுதல் ஒருபோதும் கூடாது. அது தோலின் வழியாகவும், நக்குவதனால் வாயின் வழியாகவும் உட்சென்று கொல்லும். பழைய எஞ்சின் எண்ணெயைச் சொறிக்குப் பூசுவதும் மண்ணெண்ணெய் தேய்ப்பதும் இவ்வாறே தீங்கானவை. மருந்து வந்த போத்தலையோ வாளியையோ நாயின் தண்ணீர்ப் பாத்திரமாக்குதலும் தவறு. எலிநஞ்சு வைக்கும் இடத்துக்கு நாயும் பூனையும் செல்லாதவாறு அடைத்தல் வேண்டும்.

சொறிக்கும் உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் தகுந்த மருந்துகள் மிருக வைத்தியரிடம் உண்டு. உண்ணி பரப்பும் காய்ச்சலில் நாய் சோர்ந்து, முரசு வெளிறி, உணவை மறுக்கும். அப்போது தாமதியாது வைத்தியரிடம் கொண்டுசெல்க. மனிதர்க்குரிய மாத்திரைகளைக் கொடுக்கலாகாது. ஒரு பனடோல் மாத்திரையே பூனையைக் கொல்லப் போதுமானது. நாயின் உண்ணிக்குரிய மருந்துகளுட் சில பூனைக்கு நஞ்சாகும் என்பதையும் மறத்தலாகாது.

பூனையை ஏற்றல்

பூனை ஆளைவிட இடத்தோடு அதிகம் ஒட்டுவது. ஆதலால் புதிய வீட்டிற்கு வந்ததும் அதனைத் திறந்துவிட்டால் மறைந்துவிடும். உணவும் தண்ணீரும் மணற்பெட்டியும் வைத்த ஓர் அறையில் இரண்டு மூன்று வாரம் அடைத்து வைத்து, அதன் பின் பசி வேளைக்கு முன்னர் சிறிது நேரம் வெளியே விட்டு, உணவுக்கு அழைத்து உள்ளே சேர்த்துப் பழக்குக. பெட்டைப் பூனை ஐந்தாறு மாத வயதிலேயே சினைப்படும், கருத்தடையைத் தாமதித்தலாகாது. நெல்லும் கச்சானும் சேமிக்கும் வீட்டில் இரண்டொரு பூனைகள் எலியைக் குறைக்கும். எனினும் எலி பிடிக்கட்டும் என்று பட்டினி போடுதல் தவறு. பசித்த பூனை வீட்டை விட்டுப் போய்விடும்.

விசர்நாய்க்கடி நோய்

இந்நாட்டில் 1973 இல் 377 பேர் இந்நோயால் இறந்தனர். தடுப்பூசிப் பணியினால் அண்மை ஆண்டுகளில் அத்தொகை ஏறக்குறைய 20 முதல் 30 வரையாகக் குறைந்துள்ளது. நோய்க்குறி தோன்றியபின் காப்பாற்ற வழியில்லை. ஆதலால் எஞ்சியுள்ள ஒவ்வோர் இறப்பும் தடுத்திருக்கக்கூடியதே.

நோயுற்ற நாய் காரணமின்றிக் கடித்தோடுவது மட்டுமன்று. சில நாய்கள் இருளில் ஒதுங்கி, கீழ்த்தாடை தொங்க, உமிழ்நீர் வடிய, விழுங்க மாட்டாது கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியதென எண்ணி வாயினுள் கையிடுதல் பேராபத்து. மாடும் இந்நோய்க்கு ஆளாகும். தீனி விழுங்காது உமிழ்நீர் வடிக்கும் மாட்டின் வாயிலும் கையிடலாகாது.

நாயோ பூனையோ கடித்தாலும், பல்லோ நகமோ கீறினாலும் செய்யவேண்டியன:

1. காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவுக. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் முதலியவற்றைப் பூசலாகாது.

2. உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. கடி சிறிதென்று இருந்துவிடலாகாது.

3. கடித்த பிராணியைக் கொல்லாது 14 நாள் அடைத்து அவதானிக்க. அதற்குள் அது நோயுற்றாலோ இறந்தாலோ ஓடிப்போனாலோ வைத்தியசாலைக்கு அறிவிக்க. இறந்த பிராணியின் தலை பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திற் பரிசோதிக்கப்படும். அதனை அனுப்பும் முறையைப் பொதுச் சுகாதார பரிசோதகர் கூறுவார்.

வீட்டு நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி இடுவித்தல் இவை யாவற்றிலும் எளியதும் சிறந்ததுமான காப்பாகும்.

முடிவு

வைரவரின் வாகனமென நாயை மதிக்கும் மரபு நமக்கு உண்டு. அம்மதிப்பு கோவில் வாசலோடு நிற்றலாகாது. நகரத்தில் உள்ளவர், தாம் வளர்த்த பிராணியை இனி வைத்திருக்க இயலாதாயின், அதற்கு ஓர் ஆளைத் தேடி, ஊசியும் கருத்தடையும் முடித்துக் கையிற் கொடுத்தல் அவர் கடமை. கிராமத்தில் உள்ளவர், தம்மால் உணவும் இடமும் கொடுக்க இயலுமாயின் ஒன்றை ஏற்பதும், இயலாதாயின் முகத்துக்கெதிரே மறுப்பதும் நன்று. அரைமனத்துடன் ஏற்கப்பட்ட பிராணி மீண்டும் தெருவிற்கே வரும்.

மேலதிக ஆலோசனைக்கு உங்கள் பகுதி அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தையும், தடுப்பூசி ஏற்றும் நாட்களை அறிதற்குச் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையையும் நாடுக.